அடுத்தவள் போட்ட பூ

பொன்னுவேல் கெட்டிக்காரத் தையல்காரர். கொடைக்கானல் பஜாரில் அப்துல் சலாம் பாயின் ஜவுளிக்கடைத் தாழ்வாரத்தில் மிஷின் போட்டு, கோட்டும் கால்சட்டையும் தைத்துப் பேர் வாங்கியவர். டேப் பிடிக்காமலே ஆளின் தோளைப் பார்த்து அளவு சொல்லிவிடுவார் என்று பஜாரில் பேச்சு. அவர் மனைவி கந்தம்மாள் ஆயக்குடிக்காரி. கொய்யாத் தோப்பைக் குத்தகைக்கு எடுத்துப் பிழைத்த வீட்டில் பிறந்து, பத்தொன்பது வயதில் கல்யாணமாகி மலை ஏறி வந்தவள். பிள்ளை இல்லை. மிஷின் மிதிக்க அவளுக்குப் புருஷன்தான் சொல்லிக்கொடுத்தார். அதுவும் நேர்த்தையல் மட்டும்.

"கத்திரி எடுக்குறது வேற சோலி. ஒருக்க தப்பா வெட்டிட்டா அடுத்தவன் துணி போச்சு. நீ ஓரம் மடிச்சுத் தை, போதும்" என்பார்.

அவளும் அதைக் குறையாக நினைத்ததில்லை. அவர் வெட்டிப் போடுவார், அவள் பித்தான் வைப்பாள், கீழ் மடிப்புத் தைப்பாள். இப்படியே ஆறு வருஷம் ஓடியது.

ஐம்பத்தைந்தாம் வருஷ மழைக்காலத்தில் பொன்னுவேலுக்கு இரைப்பு கண்டது. பனி இறங்கினால் மூச்சு விசிலடித்தது. ஆஸ்பத்திரியில் மலையை விட்டு இறங்கச் சொன்னார்கள். இறங்கினால் பிழைப்புக்கு எங்கே போவது என்று அவர் இருந்துவிட்டார். பத்து நிமிஷம் மிஷினை மிதித்தால் அரை மணி நேரம் குனிந்து உட்கார வேண்டியிருந்தது. துணி கொடுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து தயங்கித் தயங்கித் திருப்பி வாங்கிப் போனார்கள்.

அப்போதுதான் கந்தம்மாள் கத்திரியை எடுத்தாள். பூம்பாறைக்காரர் ஒருவர், பூண்டு விற்ற கையோடு நல்ல துணி எடுத்து, மகன் கல்யாணத்துக்குக் கால்சட்டை தைக்கக் கொடுத்திருந்தார். அந்தத் துணியாவது திரும்பிப் போகக் கூடாது என்று அவளுக்கு ஒரு வைராக்கியம். புருஷன் அசந்து தூங்கிய பகல் வேளையில் சாக்கட்டியால் கோடு போட்டு, சாமியைக் கும்பிட்டு வெட்டினாள். தைக்க எடுத்தபோதுதான் தெரிந்தது. இரண்டு காலையும் ஒரே பக்கத்துக்கு வெட்டியிருந்தாள்.

பூம்பாறைக்காரர் அந்தத் துண்டுகளை நடுத்தெருவில் விரித்துக் காட்டினார். "ரெண்டும் எடது காலு! என் மவன் எப்பிடி மணவறையில போயி நிப்பான்? நொண்டிக்கிட்டா?" என்றார். பஜாரே சிரித்தது. பக்கத்து மிட்டாய்க்கடைக்காரர் சிரித்த சிரிப்பில் அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. சலாம் பாய் தன் கடையிலிருந்து அதே ரகத் துணியைப் புதிதாக அளந்து கிழித்துக் கொடுத்து அனுப்பினார். கந்தம்மாள் மிஷினுக்குப் பின்னால் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். பொன்னுவேல் அவளைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று இருந்தது அவளுக்கு. அன்றிலிருந்து அவள் கத்திரியைத் தொடவே இல்லை.

சலாம் பாயின் கடையில் ஒரு பெரிய மூட்டை வெகுநாளாகத் தூசி படிந்து கிடந்தது. ஊரில் கிறிஸ்தவ மடத்துக் கன்னிமார் நடத்தி வந்த தையல்கூடம் ஒன்று ஐம்பத்திரண்டில் மூடப்பட்டது. அங்கே தைத்ததை வாங்கி வந்த பங்களாத் துரைமார் குடும்பங்கள் கப்பலேறிப் போனபின் நடத்த வழியில்லை. மிச்சமிருந்த சரக்கை பாய் மொத்தமாக எடுத்திருந்தார். மேசை விரிப்பு, தட்டுக்கு அடியில் போடும் துணி, கை துடைக்கும் சதுரத் துணி. எல்லாம் வெள்ளை வெளேரென்று, நாலு பக்கமும் ஓரம் மடித்துத் தைத்து, ஒரு மூலையில் பூவேலை செய்தவை. ஆனால் ஊரில் யாரும் வாங்கவில்லை.

"மேசையே இல்லாத வீட்டுல மேசைத் துணி என்னத்துக்கும்மா?" என்று பாய் அலுத்துக்கொள்வார். மிஷினை மூடிவைக்க என்று அவளுக்கு நாலு சதுரத் துணியைச் சும்மாவே கொடுத்தார்.

ஒரு மழைநாளில் வேலையில்லாமல் உட்கார்ந்து அதில் ஒன்றைக் கையில் வைத்து மடித்துக்கொண்டிருந்தாள் கந்தம்மாள். மூன்று மூலைகளை நடுவுக்குக் கொண்டுவந்தால் தபால் உறை மாதிரி ஒரு பை. மிச்சமிருந்த மூலை, பூ போட்ட மூலை, மேலே மூடியாக விழுந்தது. பூ சரியாகப் பையின் முகத்தில் வந்து உட்கார்ந்தது. வெட்ட வேண்டியதே இல்லை! ஓரம் ஏற்கெனவே தைத்திருந்தது. இரண்டு நேர்த்தையல், ஒரு பித்தான். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான், அந்தத் துணிக்கு வேண்டியதும் அவ்வளவுதான்.

பொன்னுவேல் கட்டிலில் சாய்ந்தபடி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெட்டாமத் தைக்கிறதெல்லாம் ஒரு தையலா?" என்றார். அவள் முகம் விழுந்ததைக் கண்டாரோ என்னவோ, தலைமாட்டிலிருந்த பித்தான் டப்பாவைக் கவிழ்த்துச் சிப்பிப் பித்தான் ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

பாயின் மூட்டையிலிருந்து துணி எடுத்து, அடுத்த சீசனுக்குள் நூறு பை தைத்துவிட்டாள். இரண்டு துணியைச் சேர்த்து நாடா வைத்துத் தைத்தால் இடுப்பில் கட்டும் ஏப்ரன். நீளத் துணியை மடித்து நாடா கோத்தால் சுருக்குப் பை. சித்திரையும் வைகாசியும் வெயிலுக்குப் பயந்து மலைக்கு வருகிறவர்கள், ஏரியைச் சுற்றிவிட்டு பஜாருக்கு வருவார்கள். ஊருக்குப் போகும்போது சொந்தக்காரப் பெண்களுக்குக் கொடுக்க ஏதாவது சல்லிசாகத் தேடுவார்கள். சலாம் பாய் கடை வாசலில் கம்பி கட்டி அவள் பைகளைத் தொங்கவிட்டார்.

முதலில் கந்தம்மாள் உண்மையைத்தான் சொன்னாள். நகை நிறையப் போட்ட ஒரு அம்மாள் பையைக் கையில் எடுத்து, பூவைத் தடவி, "என்ன துணி இது, வழுவழுன்னு இருக்கே?" என்று கேட்டாள்.

"மேசையில போடுறதுங்க. வெள்ளக்காரங்க சாப்பிட்டுக் கை தொடைக்க வச்சிருப்பாங்கள்ல, அந்தத் துணி."

அந்த அம்மாள் பையைக் கீழே போட்டாள். வைக்கவில்லை, போட்டாள். "எச்சித் துணியா? சீ! இதையா வாசல்ல தொங்க விட்டிருக்கீங்க?"

"இல்லீங்க, புதுசுங்க. யாரும் தொட்டதே இல்லீங்க."

அவள் அதற்குள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே நடந்துவிட்டாள். கூட வந்த நாலு பேரும் போய்விட்டார்கள். அன்று சாயங்காலம் வரை ஒரு பையும் போகவில்லை. கந்தம்மாள் கீழே விழுந்த பையை எடுத்துத் தட்டினாள். தன்னையே யாரோ கீழே போட்டது போல இருந்தது.

இரண்டு நாள் கழித்து வந்தவர் சிவபாக்கியம் அம்மாள். மதுரையில் பெரிய குடும்பம், அங்கே மாதர் சங்கத் தலைவி, சீசன் முழுவதும் இங்கே சொந்த பங்களாவில் தங்குகிறவர். ஒரு பையை மூக்குக் கண்ணாடிக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அடடா, என்ன ஃபைன் வொர்க்! இந்த எம்பிராய்டரி நீயே போட்டதாம்மா?" என்றார்.

இல்லை என்றால் அடுத்து என்ன துணி என்று கேட்பார். துணி என்னவென்று சொன்னால் பை கீழே விழும். கந்தம்மாள் கம்பியில் தொங்கிய பைகளை ஒழுங்கு செய்தாள்.

"ஆமாங்க" என்றாள்.

"யாரு கத்துக் குடுத்தா?"

"எங்கம்மாங்க."

ஆயக்குடியில் அவள் அம்மா காலில் தைத்த முள்ளை எடுக்க மட்டுமே ஊசி பிடித்தவள். சிவபாக்கியம் அம்மாள் பேரையும் வீட்டையும் கேட்டுக்கொண்டு, பன்னிரண்டு பை எடுத்துக்கொண்டு போனார்.

உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த சலாம் பாய், அவர் தலை மறைந்தபின் சொன்னார்: "தங்கச்சி, கடையில நூறு பேசுவோம். ஆனா இந்தம்மா வெறுமனே கேட்டுட்டுப் போற ஆளு இல்ல. பாத்துக்க."

அவர் சொன்னபடியே ஆனது. ஒரு பொய் போனபின் அடுத்தது தானாக வந்தது. பூவைப் பார்த்துக் கேட்டவர்களுக்கெல்லாம் "நான்தாங்க" என்றாள். நாக்குக்கு அது பழகிப்போனது. பஜாரில் கூட ஒரு மரியாதை வந்தது. இரண்டு இடது காலை மறந்துவிட்டு, "பூக்காரக் கந்தம்மா" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்தப் பேர் காதில் விழும்போது சந்தோஷமாகவும் இருந்தது, உள்ளே எதையோ முழுங்கினது போலவும் இருந்தது.

ஐம்பத்தெட்டு மே மாதம் சிவபாக்கியம் அம்மாளிடமிருந்து ஆள் வந்தது. ஒரு பள்ளிக்கூட ஹாலில் பெண்கள் கைவேலைக் கண்காட்சி, கந்தம்மாளின் பைகளுக்குத்தான் முதல் பரிசு, அன்று வந்தவர்கள் முன்னால் உட்கார்ந்து ஒரு பூவைப் போட்டுக் காட்ட வேண்டும்.

பத்து நாள் இருந்தது. கந்தம்மாள் துணியை இறுக்கிப் பிடிக்கும் ஒரு மூங்கில் வளையமும் நீல நூலும் வாங்கி வந்து, பைகளில் இருந்த அந்த நீலப் பூக்கொத்தைப் பார்த்துப் பார்த்துப் போட முயன்றாள். புருஷன் கண்ணயரும் நேரம் பார்த்து எடுப்பாள், அவர் அசைந்தால் மடியில் ஒளிப்பாள். இதழ் என்று போட்டது நசுங்கிய கத்திரிக்காய் மாதிரி வந்தது. பிரித்தாள், போட்டாள், பிரித்தாள். துணி கிழிந்தது. பூ வரவில்லை. இத்தனை நாள் கையில் புரண்ட பூவுக்குள் எத்தனை வேலை இருந்தது என்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

கண்காட்சி அன்று வெள்ளனே எழுந்து குளித்து, வலது ஆள்காட்டி விரலில் வெள்ளைத் துணியைச் சுற்றிக் கட்டினாள். விரலில் ஒன்றுமில்லை.

"ஊசி ஏறிருச்சா?" என்று கேட்டார் பொன்னுவேல்.

"ஆமாங்க."

முப்பது வருஷம் ஊசி பிடித்த மனிதர். ஊசி ஏறின விரல் எப்படி இருக்கும், எப்படிக் கட்டுவார்கள் என்று அவருக்குத் தெரியும். விரலைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஹாலில் நல்ல கூட்டம். வெள்ளை விரிப்புப் போட்ட மேசையில் அவள் பைகள் வரிசையாக அடுக்கியிருந்தன. கந்தம்மாள் கட்டுப் போட்ட கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு அதன் அருகே நின்றாள். பின்பக்கக் கதவோரம் ஒரு பெண் டீ டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். ஒல்லியான உடம்பு. டம்ளர் எடுக்க மேசைப் பக்கம் வந்தவள், பைகளைப் பார்த்து நின்றாள். ஈரக் கையைச் சேலையில் நன்றாகத் துடைத்தாள். ஒரு பையை எடுத்து, மூடியைத் தூக்கி, பூவின் முதுகுப் பக்கத்தைக் கட்டை விரலால் தடவினாள். முடிச்சு ஒன்றுகூட இல்லாமல் நூல் முனையை உள்ளுக்குள்ளேயே ஓட்டி மறைத்திருந்த அந்த இடத்தில் விரல் நின்றது.

"இது யாரு தச்சது?" என்றாள்.

"நான்தான்" என்றாள் கந்தம்மாள்.

"பையா? பூவா?"

கந்தம்மாள் பதில் சொல்வதற்குள் சிவபாக்கியம் அம்மாள் பத்துப் பன்னிரண்டு பேரோடு வந்துவிட்டார். "இவங்கதான் நான் சொன்ன கந்தம்மா. எங்க, உட்காரும்மா, எல்லாரும் பாக்கட்டும்."

கந்தம்மாள் முந்தானைக்குள்ளிருந்து கையை எடுத்தாள். "வெரல்ல ஊசி ஏறிருச்சுங்க."

"அய்யோ பாவம்! இன்னிக்குப் பாத்தா?" என்றார் சிவபாக்கியம் அம்மாள். வந்தவர்கள் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது.

டம்ளர் கழுவுகிற பெண் இன்னும் போகவில்லை. விரலில் இருந்த கட்டையும் கந்தம்மாளின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "அந்தப் பூவு எனக்குப் போடத் தெரியுங்க. நான் போட்டுக் காட்டவா?" என்றாள்.

நாற்காலி போட்டார்கள். அவள் அழகம்மாள் என்று பேர் சொன்னாள். வளையத்தை மாட்டி, நூலை ஒருமுறை விரலில் இழுத்துப் பார்த்து, கோடு கூடப் போடாமல் தொடங்கினாள். ஹாலில் பேச்சு அடங்கியது. முதல் இதழ், இரண்டாவது இதழ், நடுவில் மஞ்சள் பொட்டு. ஊசி துணிக்குள் போவதும் வருவதும் தெரியாமல் பூ தானாக மேலே வந்துகொண்டிருந்தது. அவள் உதடு லேசாக விரிந்திருந்தது. சுற்றி நின்றவர்களை அவள் மறந்துவிட்டாள். கந்தம்மாள் மட்டும் அந்தப் பூவைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தாள்.

"அப்படியே அச்சு அசல்!" என்று கையைத் தட்டினார் சிவபாக்கியம் அம்மாள். "ஏன் கந்தம்மா, இது நீ கத்துக் குடுத்த பொண்ணா?"

அந்த ஒரு நொடியில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். இல்லீங்க என்ற ஒரு வார்த்தை போதும். அத்தனை முகங்களும் அவளையே பார்த்தன. பூம்பாறைக்காரர் தெருவில் துணியை விரித்த நாளில் பார்த்த முகங்கள் போல அவளுக்குத் தோன்றின. கந்தம்மாளின் தலை மேலும் கீழும் அசைந்தது.

அழகம்மாளின் ஊசி நின்றது. தலையைத் தூக்கவில்லை. மிச்சமிருந்த ஒரு இலையைப் போட்டு முடித்தாள். நூலைப் பல்லால் கடிக்காமல் கத்திரியால் நறுக்கினாள். வளையத்தை மேசையில் வைத்துவிட்டுப் போய்த் திரும்பவும் டம்ளர் கழுவ உட்கார்ந்தாள்.

கந்தம்மாளுக்கு ஒரு சாம்பல் நிறக் கம்பளிச் சால்வையும் இங்கிலீஷில் அச்சடித்த ஒரு காகிதமும் கொடுத்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். பின் கதவுப் பக்கமிருந்து டம்ளர்கள் ஒன்றோடொன்று இடிபடும் சத்தம் மட்டும் கைதட்டலுக்கு நடுவிலும் அவளுக்குத் தனியாகக் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் சால்வையைப் புருஷனின் மேல் போர்த்தினாள். அவர் அவள் கையைப் பிடித்து விரல் கட்டை அவிழ்த்தார்.

"ஆறிருச்சா?" என்றார்.

அவள் சுவரில் சாய்ந்து அழுதாள். நடந்ததையெல்லாம் சொன்னாள். பொன்னுவேல் தன் இரைப்பு அடங்கியதும் பேசினார்.

"கால்சட்டையத் தப்பா வெட்டுனப்ப உன்ன ஒரு வார்த்த சொன்னேனா நானு? அது துணி. பாய் வேற துணி கிழிச்சுக் குடுத்தாரு. இதுக்கு எந்தத் துணியக் கிழிச்சுக் குடுக்கப் போற?"

அவர் அந்தக் காகிதத்தைச் சுவரில் மாட்டவில்லை. மிஷின் பெட்டிக்குள் அடியில் விரித்திருந்த பழைய பேப்பருக்குக் கீழே வைத்தார். சால்வையை மட்டும் போர்த்திக்கொண்டார், குளிருக்கு வேறு வழி இல்லாமல். அதைப் பார்க்கும்போதெல்லாம் கந்தம்மாளுக்கு உடம்பு கூசியது.

அழகம்மாளின் வீட்டை விசாரித்துக்கொண்டு போனாள். செண்பகனூர்ப் பாதையில் சரிவில் இறங்கும் வரிசை வீடுகளில் ஒன்று. முதல் நாள் பாதி வழியில் திரும்பினாள். இரண்டாவது நாள் வாசல் தெரியும் தூரம் வரை போனாள். மூன்றாவது நாளும் அப்படியே. நாலாவது நாள் குழாயடியில் குடத்தோடு நின்றிருந்த அழகம்மாளே கூப்பிட்டாள்.

"நாலு நாளா வர்றீங்க, பாக்குறீங்க, போறீங்க. என்ன வேணும் உங்களுக்கு?"

கந்தம்மாள் அவள் காலைத் தொடப் போனாள். அழகம்மாள் இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

"அதெல்லாம் வேணாம். பேசுங்க."

"தப்புப் பண்ணிட்டேன்மா. எதுக்குத் தலைய ஆட்டுனேன்னு எனக்கே தெரியல."

"எனக்குத் தெரியும்" என்றாள் அழகம்மாள். "டம்ளர் கழுவுறவதான, என்ன பண்ணிருவான்னு ஆட்டுனீங்க."

கந்தம்மாள் அப்படி நினைத்து ஆட்டவில்லை. ஆனால் வேறு எதற்கு ஆட்டினாள்? அந்த நாற்காலியில் சிவபாக்கியம் அம்மாள் மாதிரி ஒருவர் உட்கார்ந்து பூப் போட்டிருந்தால் தலை அசைந்திருக்குமா என்று நினைத்துப் பார்த்தாள். அசைந்திருக்காது.

குடம் நிரம்பி வழிந்தது. அழகம்மாள் குழாயை மூடினாள். "பன்னெண்டு வயசுல அந்தத் தையல்கூடத்துக்குப் போனேன். பதினாலு வருசம். மூடுனப்புறம் ஊசியக் கையில எடுக்கல, எடுக்க எனக்கு ஏது துணி, ஏது நூலு? அன்னிக்கு அந்த ஹாலுல உங்களுக்காக ஒண்ணும் நான் உக்காரல. கை அரிச்சுச்சு, உக்காந்தேன். ஆறு வருசம் கழிச்சு ஒரு பூவு போட்டேன். அதையும் உங்க கணக்குல எழுதிட்டாங்க."

"நான் என்ன செய்யட்டும், சொல்லும்மா."

"அந்தம்மாகிட்ட வாயத் தொறந்து சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

சிவபாக்கியம் அம்மாள் அதற்குள் மதுரைக்கு இறங்கியிருந்தார். மறு சீசன் வரைக்கும் கந்தம்மாள் அந்த வார்த்தைகளைத் தூக்கிச் சுமந்தாள். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அழகம்மாள் எதிரே வந்தால் வேறு வரிசைக்கு மாறிப் போனாள். சொல்லும்போது அந்த அம்மாள் எப்படித் திட்டுவார், காகிதத்தையும் சால்வையையும் திருப்பிக் கேட்பாரா, பஜாரில் சொல்லிவிடுவாரா என்றெல்லாம் நினைத்து நினைத்துத் தன்னைத் தயார் செய்துகொண்டாள். திட்டட்டும் என்றே இருந்தாள்.

ஐம்பத்தொன்பது மே மாதம் ஒரு காலையில், காகிதத்தையும் வெளுத்து மடித்த சால்வையையும் எடுத்துக்கொண்டு பங்களாவுக்குப் போனாள். சிவபாக்கியம் அம்மாள் தோட்டத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். கந்தம்மாள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். மேசைத் துணி, தையல்கூடம், பொய்க் கட்டு, தலையாட்டல், ஒன்றையும் விடவில்லை.

அவர் புருவத்தைச் சுருக்கி யோசித்தார். "எந்தப் பொண்ணு? ஓ, அந்த டீ குடுத்த பொண்ணா? அன்னிக்குக் கூட்டத்துல எனக்கு முகம்கூட ஞாபகம் இல்ல." பிறகு சிரித்தார். "பரவாயில்லம்மா. இதுக்குப் போயி அழறியே! பை அழகா இருந்துச்சு, பிரைஸ் குடுத்தோம், அவ்வளவுதான். அதெல்லாம் நீயே வச்சுக்கோ. இந்தத் தடவ பை ஏதாவது கொண்டாந்திருக்கியா?"

கந்தம்மாள் திரும்பி நடந்தாள். பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தாள். இறங்கவில்லை. அதை வாங்கிக்கொள்ள அங்கே ஆளே இல்லை.

நேரே சரிவு இறங்கி அழகம்மாளின் வீட்டுக்குப் போனாள். "சொல்லிட்டேன்" என்றாள்.

"என்ன சொன்னாங்க?"

இங்கே ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ரொம்ப வருத்தப்பட்டாங்க, உன்னயக் கேட்டாங்க என்று சொன்னால் அழகம்மாளுக்கும் ஆறுதல், அவளுக்கும் ஆறுதல். நாக்கு நுனிவரை வந்தது. கந்தம்மாள் அதை முழுங்கினாள்.

"பரவாயில்லன்னாங்க."

"பரவாயில்லையாமா?" என்றாள் அழகம்மாள். சிரித்தது போல ஒரு சத்தம் வந்தது. கந்தம்மாள் நீட்டிய சால்வையைப் பார்த்தாள், காகிதத்தைப் பார்த்தாள். "அதுல உங்க பேரு இருக்கு. எனக்கெதுக்கு?" கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதற்குப்பின் கந்தம்மாள் தன்னால் முடிந்த ஒன்றைச் செய்தாள். சலாம் பாயிடம் சொல்லி ஒரு அட்டையில் எழுதி வாங்கி, பைகள் தொங்கும் கம்பியில் கட்டினாள். 'பை: கந்தம்மாள். பூ: அழகம்மாள்.' வாங்க வருகிறவர்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் வாயாலும் சொன்னாள். "பை தச்சது மட்டுந்தாங்க நானு. மேசைத் துணி, புதுசு. பூவு கன்னிமார் தையல்கூடத்துல அழகம்மாள்னு ஒருத்தவங்க போட்டது." மூட்டையிலிருந்த எல்லாப் பூவும் அழகம்மாளுடையது அல்ல, நாலைந்து பேர் போட்டது என்று பிறகு தெரிந்தபோது, மற்றவர்கள் பேரையும் விசாரித்து எழுதச் சொன்னாள். இரண்டு பேரின் பேர் கடைசிவரை கிடைக்கவில்லை. சிலர் மேசைத் துணி என்றதும் முகம் சுளித்து விட்டுப் போனார்கள். பலருக்கு யார் பூவாக இருந்தாலும் ஒன்றுதான். பஜாரில் சிலர், "பூக்காரக் கந்தம்மா இப்ப வெறும் பைக்காரக் கந்தம்மா ஆயிட்டா" என்று கேலி பேசினார்கள். அதைக் கேட்டு அவள் தலை குனிந்தாள், ஆனால் அட்டையைக் கழற்றவில்லை.

புதிதாகப் பூப் போட்டுத் தர முடியுமா என்று பாயை அனுப்பி அழகம்மாளிடம் ஒருமுறை கேட்டாள். கண் மங்குகிறது, நுணுக்க வேலை இனி ஆகாது என்று பதில் வந்தது. கண்தான் காரணமா என்று கந்தம்மாளுக்குத் தெரியாது.

அறுபத்தொன்றில் மூட்டை காலியானது. மதுரையிலிருந்து மில் துணியில் பூ அச்சடித்த விரிப்புகள் வந்தன. அவற்றின் ஓரம் தைத்திருக்கவில்லை, வெட்டித்தான் ஆகவேண்டும். பொன்னுவேல் கட்டிலில் இருந்தபடியே, பழைய செய்தித்தாளை அவள் கையில் கொடுத்து வெட்டக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார்.

"மொதல்ல தாளுல வெட்டு. நூறு தாளு வீணாப் போகட்டும். பதறாத."

முதல் தாள்கள் கோணல்மாணலாகத்தான் வந்தன. அவர் பொறுமையாக இருந்தார். ஒரு வருஷம் பிடித்தது. பாவாடை, சட்டை, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கால்சட்டை என்று ஒவ்வொன்றாக வந்தது. அறுபத்து மூன்று மார்கழிக் குளிரில் பொன்னுவேல் இறந்துபோனார். மிஷின் தாழ்வாரத்திலேயே இருந்தது, கந்தம்மாளும் இருந்தாள்.

மறு வருஷம் பள்ளிக்கூடம் திறக்கும் சமயம் ஒரு பகலில், மிஷினுக்கு முன்னால் நிழல் விழுந்தது. நிமிர்ந்தாள். அழகம்மாள். கையில் பச்சைத் துணி. பக்கத்தில் ஏழெட்டு வயதுப் பெண்.

"என் தங்கச்சி மக. பாவாடை சட்டை தைக்கணும். வெரசா வேணும், திங்கக்கிழம பள்ளிக்கூடம்" என்றாள் அழகம்மாள். துணியை மிஷின் மேல் வைத்தாள்.

கந்தம்மாள் அந்தப் பெண்ணை நிற்கவைத்து அளவெடுத்தாள். அளவு சொல்லும் குரல் அவளுக்கே அன்னியமாக இருந்தது. அன்றும் மறுநாளும் வேறு துணியைத் தொடாமல் அதையே தைத்தாள். சனிக்கிழமை அழகம்மாள் வந்து வாங்கினாள். வெளிச்சத்தில் நின்று, கண்ணைச் சுருக்கி, சட்டையின் கைப்பக்கத்தைப் பிடித்துப் பார்த்தாள்.

"இடது கையி சுருக்கம் விழுகுது பாருங்க. தையலு இழுத்திருக்கு."

கந்தம்மாள் பார்த்தாள். கொஞ்சம் இழுத்துத்தான் இருந்தது. வேறு யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள்.

"ஆமா" என்றாள். "குடுங்க. பிரிச்சுத் தச்சுத் தர்றேன்."

அழகம்மாள் சட்டையைக் கொடுத்துவிட்டு, தாழ்வாரத்தில் இருந்த முக்காலியைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கந்தம்மாள் தையலைப் பிரித்தாள். அவள் பார்த்துக்கொண்டிருக்க, முகம் சுடச்சுட, ஊசியில் நூலைக் கோத்து மறுபடி தைத்தாள்.